ஒரு கரண்டி மண்

நிஷான் வீட்டை விட்டுப் போனது 1995ஆம் ஆண்டு அக்டோபர் முப்பதாம் திகதி, திங்கட்கிழமை, பின்னேரம் நாலரை மணிக்கு. அந்த நாளை அக்னெஸ் மறக்க நினைத்தாலும் ஊர் விடாது. அன்றைக்குத்தான் கியூபெக் மாகாணம் கனடாவை விட்டுப் போவதா, இருப்பதா என்று வாக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் யாழ்ப்பாணத்துச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு செம்மணிப் பக்கமாக வெளியேறத் தொடங்கியது. பிறகு எந்த வீட்டில் எவர் அந்த நாளைப் பற்றிக் கதைத்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அக்னெஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் வீட்டிலிருந்து அன்றைக்குப் போனது ஒரே ஒரு ஆள்.

அவள் மன்னார்க்காரி. புருஷன் தபால்கந்தோரில் வேலை செய்தவர், நெஞ்சுவலி வந்து ஒரே இரவில் போய்விட்டார். 1987இல் பதினொரு வயது மகன் நிஷானின் கையைப் பிடித்துக்கொண்டு மொன்றியலில் வந்து இறங்கினாள். லாசாலில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. நடந்து போகிற தூரத்தில் ஒரு பேக்கரித் தொழிற்சாலை. அங்கே ஓடுகிற பட்டியின் முன்னால் நின்று, உடைந்ததும் கருகியதுமான க்ருவாசோன் பணிஸ்களைப் பொறுக்கி வெளியே போடுவதுதான் எட்டு வருடமாக அவளுடைய வேலை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் பட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

சண்டை வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டது. நிஷான் படிக்கிற கொலிஜிலிருந்து பிரெஞ்சில் ஒரு கடிதம். கீழ்வீட்டு விமலநாதனிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுத்தாள். அவன் இரண்டு தரம் வாசித்துவிட்டு, கடிதத்தை மடித்து அவளுடைய கையிலேயே வைத்தான்.

"அக்கா, பெடியன் பெப்ரவரி தொடக்கம் அங்கை போகேல்லையாம்."

பெப்ரவரி தொடக்கம் ஒவ்வொரு காலையும் அவள் சோற்றுப்பெட்டி கட்டிக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு பின்னேரமும் பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்திருந்தது. எங்கே இருந்து சாப்பிட்டான், யாரோடு இருந்தான், ஒன்றும் தெரியாது. அவளுக்குப் பொய்யைவிட அந்தப் பெட்டிதான் கூடச் சுட்டது. மூன்று நாள் அவள் கத்தினாள். மூன்று நாளும் அவன் பேசாமல் இருந்தான். திங்கட்கிழமை வேலையால் வந்து கதவைத் திறந்தபோது வாசலில் பை கட்டி வைத்திருந்தது.

"எங்கை?"

"வன்கூவர். கூட்டாளி மிஷேல் காரில போறான். அங்கை வேலை இருக்காம்."

"என்ன வேலை?"

"போனாத்தான் தெரியும்."

கீழே கார் ஹோர்ன் அடித்தது. நிஷான் குந்தியிருந்து சப்பாத்து மாட்டினான். ஒன்று காலில் ஏறிவிட்டது. மற்றது பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அக்னெஸ் உள்ளே ஓடி, மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்ன முடிச்சை எடுத்துவந்தாள். பழைய சேலைத் துண்டு, சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டியது. பையின் சிப்பை இழுத்து அதை உள்ளே செருகப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"மடு மண், ராசா. பைக்குள்ளை கிடக்கட்டும்."

மன்னார்ப் பக்கத்தில் மடுமாதா கோயிலுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள். கோயில் வளவு மண்ணில் ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு வருவார்கள். காட்டு வழியில் பாம்பு தீண்டினால் அந்த மண்ணைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். பாம்பு வராத வீட்டிலும் அது இருக்கும். தூரம் போகிற பிள்ளையின் பையில் வைப்பார்கள். அள்ளுவதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. குனிந்து எடுத்துக்கொண்டு வரலாம். அக்னெஸ் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கொண்டுவந்தவற்றில் அழியாமல் மிச்சம் இருந்தது இந்த முடிச்சு ஒன்றுதான்.

"இஞ்சை பாம்பு இல்லையம்மா," என்றான் நிஷான்.

"பாம்புக்கு மட்டுமே?"

"வேறை என்னத்துக்கு? எனக்கு வேண்டாம். நீங்கள் வைச்சிருங்கோ."

அவன் வெளியே எடுத்தான். அவள் திரும்ப உள்ளே திணித்தாள். அவன் கையைப் பிடித்தான், அவள் விடவில்லை. இரண்டு பேருடைய கையிலும் அகப்பட்டு அந்த உக்கிய துணி கிழிந்தது. மண் பொலபொலவென்று தரைவிரிப்புக் காப்பெற்றில், சப்பாத்துகள் அடுக்கிற மூலையில், கொட்டிப்போயிற்று.

அந்த நேரத்தில் அவள் வேறு என்னவும் சொல்லியிருக்கலாம். சொன்னது இதுதான்:

"பார். உன்னட்டை ஒண்டும் நிக்காது."

நிஷான் மற்றச் சப்பாத்துக்குள் காலை விட்டான். நூலைக்கூடக் கட்டவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். பல்கனிக்கு அவள் ஓடி வருவதற்குள் கார் தெருவின் முடக்கில் திரும்பிவிட்டது. மின்கம்பங்களில் 'ஓம்' என்றும் 'இல்லை' என்றும் பிரெஞ்சில் எழுதிய மட்டைகள் காற்றில் அடிபட்டன. அன்றிரவு அயலெல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கத்தியது. மாகாணம் மயிரிழையில் போகாமல் நின்றுவிட்டதாம்.

*

அந்த மண்ணை அவள் பொறுக்காமல் விடவில்லை. கரண்டியால் அள்ளிப் பார்த்தாள். ஒட்டுநாடாவை ஒத்தி ஒத்தி எடுத்துப் பார்த்தாள். பழுப்பு நிறக் காப்பெற், முன்பு குடியிருந்தவர்களின் காலத்துச் சாமான். மண்ணோடு மயிரும் நூலும் யாருடையதோ பூனையின் ரோமமும் சேர்ந்து வந்தன. அதை மாதா படத்துக்கு முன்னால் வைக்க முடியாது, குப்பையிலும் போட முடியாது. திரும்ப அதே இடத்தில் உதறிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மூலைக்கு அவள் தூசு உறிஞ்சும் வக்கூம் பிடிக்கவில்லை. சப்பாத்துத் தட்டைக் குசினி வாசலுக்கு மாற்றினாள். வீட்டுக்குள் வருபவர்களை "இங்காலை வாங்கோ, இங்காலை" என்று சுவரோரமாகச் சுற்றிவரச் செய்தாள். வருபவர்களும் அதிகமில்லை. பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வைத்திருந்த ஒன்றுவிட்ட தங்கை றெஜினா மாதத்துக்கு ஒருதரம் வருவாள்.

"அக்கா, தனிய இஞ்சை கிடந்து என்ன செய்யிறீங்கள்? எங்கடை பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு. வந்து இருங்கோவன்."

"ரெலிபோன் நம்பர் மாறிப்போமெல்லோ."

"நம்பரை மாத்தாமல் கொண்டு வரலாம்."

"வீட்டு விலாசம்?"

றெஜினா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்புவாள். காரில் ஏறும்போது புருஷனிடம் ஏதோ மெல்லச் சொல்வாள். அக்னெஸ் பல்கனியிலிருந்து கையசைப்பாள்.

மார்கழியில் மிஷேலின் தாயைக் கண்டுபிடித்து ரெலிபோனில் அழைத்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்கரியில் சண்டை பிடித்துப் பிரிந்துவிட்டார்களாம். மிஷேல் திரும்பி வந்துவிட்டான். "உங்கள் மகன் வடக்கே போகிறேன் என்றானாம்," என்றாள் அந்தப் பெண். கனடாவில் வடக்கு என்றால் அது எவ்வளவு பெரிய சொல் என்று அக்னெஸுக்கு வரைபடத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

நத்தார் போனது. தைப் பனி கொட்டியது. பட்டியில் க்ருவாசோன்கள் ஓடின. ஒரு பிள்ளை தூரதேசம் போகும்போது கையில் ஒன்றும் இல்லாமல், ஒரு சாபத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. இந்த ஒரு நினைப்பைச் சுற்றியே அவளுடைய நாட்கள் போயின. அவனுக்கென்று மறுபடி ஒரு முடிச்சு கட்டி மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டால், அவன் எங்கே இருந்தாலும் அது போய்ச் சேரும் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் மடுவுக்கு யார் போவது? ஊருக்குப் போட்ட கடிதங்களே போய்ச் சேர்கிற காலம் அல்ல அது.

மாசி மாதம், மரங்களில் ஒரு இலையும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றங்கரை பஸ் தரிப்பில் நின்றபோது அக்கரையில் ஒரு கோபுரம் வெள்ளித் தகடுபோல மின்னியது. எட்டு வருடமாக அது அங்கேதான் நின்றிருக்கும். அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது.

"தம்பி, அக்கரையில தெரியிறது என்ன கோயில்?" என்று விமலநாதனைக் கேட்டாள்.

விமலநாதன் டக்ஸி ஓட்டுகிறவன், யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். அவனுக்குத் தெரியாத தெரு மொன்றியலில் இல்லை, அவன் சொல்லாத பகிடியும் இல்லை.

"அது கானவாகே, அக்கா. மொஹாக் சனத்தின்ரை இடம். பூர்வகுடிகள். நான் சிகரெட் வாங்கப் போறனான், அங்கை மலிவு. கோயில் உங்கடை ஆக்களின்ரைதான். முந்நூறு வருசத்துக்கு முந்தி யேசுசபைக் குருமார் தொடங்கின மிஷனாம். உள்ளுக்கை ஒரு பெட்டையின்ரை கல்லறை இருக்கு. புனிதப் பெட்டை."

"எந்தப் புனிதை?"

"பேர் வாயில நுழையாது. பின்னலும் செபமாலையுமா படத்தில நிப்பா."

படத்தை அக்னெஸ் கோயிலில் கண்டிருக்கிறாள். கத்தேரி தெகாக்விதா. முத்திப்பேறு பெற்றவர்.

"என்னை ஒருக்கா அங்கை கூட்டிக்கொண்டு போவியோ?"

"நேர்த்தியோ?"

"மண் எடுக்க."

விமலநாதன் சிரித்தான். "எங்கடை முருகன் விபூதியோடை விடுறார். உங்கடை மாதா மண்ணைத் தின்னச் சொல்லுறா. சரி, பனி போகட்டும். இப்ப போனா கடப்பாரைதான் கொண்டு போகவேணும்."

*

ஈஸ்டர் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை மெர்சியர் பாலத்தைக் கடந்து போனார்கள். அக்னெஸின் கைப்பையில் கழுவிக் காயவைத்த தயிர் டப்பா ஒன்றும் ஒரு மேசைக்கரண்டியும் இருந்தன.

கல்லாலான பழைய கோயில். அதன் பின்னால் ஆறு இருக்கும் என்று நினைத்தாள். இருந்தது நேராக வெட்டிய கப்பல் கால்வாய். உள்ளே ஆட்கள் இல்லை. பலிபீடத்தின் வலப்பக்கமாக வெள்ளைச் சலவைக்கல் கல்லறை. அதன்மேல் யாரோ இரண்டு றோசாப்பூவும், மணிகள் கோத்த ஒரு சின்னப் பையும் வைத்திருந்தார்கள். அக்னெஸ் முழங்காலில் நின்றாள்.

சுவரில் அந்தப் பெண்ணின் கதையை மூன்று மொழியில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. விமலநாதன் சத்தம் போடாமல் வாசித்துச் சொன்னான். அம்மை நோயில் தாய் தகப்பன் செத்துப்போக, மாமன் வீட்டில் வளர்ந்தவள். ஞானஸ்நானம் பெற்ற பிறகு அங்கே இருக்க முடியாமல், சொல்லாமல் கொள்ளாமல் வள்ளம் ஏறி இந்த மிஷனுக்கு வந்து சேர்ந்தவள். இருபத்துநாலு வயதில் செத்துப்போனாள்.

"மாமன்?" என்றாள் அக்னெஸ்.

"என்ன மாமன்?"

"அவள் போனாப்பிறகு அந்த மனுசன் என்ன செய்தாராம்?"

விமலநாதன் மறுபடி மேலிருந்து கீழாக வாசித்தான். "தேடிக்கொண்டு பின்னாலை போனாராம், பிடிக்கேலாமல் போச்சாம். அவ்வளவுதான் போட்டிருக்கு, அக்கா."

அடுத்த அறை ஒரு சின்ன அருங்காட்சியகம். கண்ணாடிக்குள்ளே சிப்பி மணியில் பின்னிய அகலப் பட்டி ஒன்று, பழைய மொஹாக் மொழிப் பாட்டுப் புத்தகங்கள், மரப்பட்டைக் கூடைகள். விமலநாதன் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இடைவெளியில் அக்னெஸ் பக்கக் கதவால் வெளியே வந்தாள்.

சுவரோரம் நிழலில் அழுக்குப் பனி கொஞ்சம் கிடந்தது. வெயில் பட்ட இடத்தில் தரை இளகியிருந்தது. முழங்காலை மடித்து இருந்து கரண்டியைக் குத்தினாள். மேலே சேறு, ஒரு விரல்கடைக்குக் கீழே இரும்பு மாதிரி இறுகியிருந்தது. மடுவில் கையை வைத்தாலே மணல் வழிந்து வரும். இங்கே கரண்டியின் கழுத்து வளைந்தது. நெம்பி நெம்பி ஒரு கரண்டியளவு கறுத்த மண்ணை டப்பாவுக்குள் போட்டிருப்பாள். தலைக்கு மேலே நிழல் விழுந்தது.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

அறுபது வயது மதிக்கத்தக்க பெண். கட்டையாக வெட்டிய நரைத்த தலை, நீலக் கம்பளிச் சட்டை, கழுத்தில் சாவிக்கொத்து. அருங்காட்சியக வாசலில் செபமாலையும் தபாலட்டையும் விற்கிற மேசைக்குப் பின்னால் இருந்தவள். பெயர் செசிலியா என்று பிறகு தெரிந்தது. ஆங்கிலத்தில்தான் கேட்டாள். எட்டு வருடத்தில் ஆங்கிலம் அக்னெஸின் காதில் ஏறியிருந்தது, வாய்க்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

"மண்," என்றாள் அக்னெஸ் ஆங்கிலத்தில். "கொஞ்சம். என் மகனுக்கு."

"யாரைக் கேட்டீர்கள்?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கோயில் மண்ணை எடுக்க யாரைக் கேட்பது? விமலநாதன் ஓடிவந்தான்.

"தம்பி, சொல்லு. எங்கடை ஊர் வழக்கமெண்டு சொல்லு. மாதா கோயில்ல எல்லாரும் எடுக்கிறது."

விமலநாதன் ஆங்கிலத்தில் அள்ளி விட்டான். இலங்கை, மடு, மாதா, பாம்பு, எல்லாம் வந்தது. 'பாம்பு' வந்த இடத்தில் செசிலியாவின் புருவம் மேலே போனது. கேட்டு முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்த மதிலில் இருந்து ஆற்றுக்குள் காலைத் தொங்கப்போடலாம். பிறகு கப்பல் போக வழி வேண்டும் என்று வந்து வெட்டினார்கள். எவ்வளவு மண் போனது தெரியுமா? ஆறே எங்களை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. அவர்களும் யாரையும் கேட்கவில்லை. ஓக்காவில் எங்கள் இடுகாட்டுப் பக்கம் கோல்ப் மைதானத்துக்கு மண் கேட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கே இருக்கிறீர்கள்?"

"லாசால்," என்றான் விமலநாதன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்னெஸின் முகம் வெளிறிவிட்டது. 1990ஆம் ஆண்டு கோடையில் அந்த இடுகாட்டு நிலத்துக்காக இந்த மக்கள் மெர்சியர் பாலத்தை மறித்திருந்ததும், ஆவணி மாதத்து ஒரு பின்னேரம் கிழவர்களும் பெண்களும் பிள்ளைகளுமாகக் கார்களில் வெளியேறியபோது லாசால் பக்கத்தில் கூட்டம் கூடி நின்று கல்லெறிந்ததும் அவளுக்குத் தெரியும். தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள்.

அவள் டப்பாவைக் கவிழ்த்தாள். மண்ணைத் திரும்பக் குழிக்குள் போட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள். வளைந்த கரண்டியைப் பைக்குள் வைத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டே எழும்பினாள்.

"சொறி," என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். "சொறி, மடம்."

"உங்கள் ஊர் மண் என்ன ஆனது?" என்று கேட்டாள் செசிலியா.

அக்னெஸ் விமலநாதனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆங்கிலத்தில் சொன்னாள்: "காப்பெற்."

"காப்பெற்றா?"

"காப்பெற்றில். விழுந்துவிட்டது. மகன் போய்விட்டான். நான் வக்கூம் பிடிப்பதில்லை. ஆறு மாதம்."

செசிலியா அவளையே பார்த்தாள். பிறகு, கோயில் வளவு என்றும் பாராமல், வயிறு குலுங்கச் சிரித்தாள். அக்னெஸும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். விமலநாதனுக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆறு மாதத்தில் அவள் சிரித்ததை அவன் அன்றைக்குத்தான் கண்டான்.

"உள்ளே வாருங்கள். இரண்டு பேருக்கும் கால் சேறு," என்றாள் செசிலியா.

மேசையடியில் மூன்று பேரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். மகனுடைய பெயரைக் கேட்டு, கோயில் செபப் புத்தகத்தில் செசிலியா தன் கையால் எழுதினாள். உள்ளே பாடகர் குழு வந்து பயிற்சியைத் தொடங்கியிருந்தது. ஏழெட்டு முதியவர்கள், மொஹாக் மொழியில் பாடினார்கள். சொல் ஒன்றும் விளங்காவிட்டாலும் அது மன்றாட்டு என்று அக்னெஸுக்கு விளங்கியது. ஒருவர் இழுத்து முடிக்க மற்றவர்கள் சேர்ந்து வாங்கினார்கள். லாசால் கோயிலில் அவள் பிரெஞ்சுப் பூசைக்கு வாயை மட்டும் அசைக்கிறவள்.

எழும்பும்போது செசிலியா மேசை லாச்சியைத் திறந்தாள். ரசீதுகள் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஒரு கல்லை எடுத்தாள். கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் உடைந்து கூராக இருந்தது.

"பாலத்தடியில் கல்லெறிந்த அன்றைக்கு என் அம்மா காரின் முன்சீட்டில் இருந்தார். எண்பத்தொரு வயது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு இது அவர் மடியில் வந்து விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிறகு அவர் அந்தப் பாலத்தைக் கடக்கவே இல்லை. சாகும்வரைக்கும்." கல்லை மேசையில் வைத்து அக்னெஸின் பக்கமாகத் தள்ளினாள். "எங்கள் மண்ணை நான் தரமாட்டேன். இது எங்களுடையது இல்லை. உங்கள் கரையிலிருந்து வந்தது. இதைக் கொண்டுபோங்கள்."

அதில் கோபம் எவ்வளவு, பகிடி எவ்வளவு, இரக்கம் எவ்வளவு என்று அக்னெஸால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கல்லை எடுத்துத் தயிர் டப்பாவுக்குள் வைத்தாள். மூடி பூட்டுப்படவில்லை.

*

"மண் எடுக்கப் போய்க் கல்லு வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் நீங்கள்தான், அக்கா," என்றான் விமலநாதன், பாலத்தில் ஏறும்போது.

அக்னெஸ் டப்பாவை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கல்லெறி நடந்த அந்தப் பின்னேரம் நிஷானுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடக் கூட்டாளிகளோடு வெளியே போனவன் இருட்டுப்பட்டுத்தான் வந்தான். குளியலறையில் கனநேரம் கை கழுவினான். "எங்கை போனாய்?" என்று கேட்டதற்கு "சும்மா பாக்கப் போனாங்கள்" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. செசிலியாவிடம் அதைச் சொல்ல ஆங்கிலம் போதாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆங்கிலம் இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள் என்பது அவளுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து கல்லைக் கழுவினாள். மாதா படத்தடியில் வைக்கக் கை போனது, மனம் வரவில்லை. கடைசியில் கதவடி மூலைக்குக் கொண்டுபோய், மண் கொட்டிய காப்பெற்றின் நடுவே வைத்தாள். இனி யாரும் தெரியாமல் அதை மிதிக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், ஈஸ்டர் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை, விமலநாதன் அவளை அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவள் கரண்டி கொண்டுபோவதில்லை. தேங்காய்ப்பூப் போட்ட கேக் செய்து எடுத்துக்கொண்டு போவாள். செசிலியா தேத்தண்ணீர் ஊற்றுவாள். "கடிதம் வந்ததா?" என்று கேட்பாள். "இல்லை." "காப்பெற்?" "இன்னும் கிடக்கிறது." இரண்டு பெண்களுக்கும் இடையில் கதை அவ்வளவுதான். பாடகர் குழு பாடி முடியும்வரை பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள்.

1998 தையில் பனிமழை வந்து நகரத்தின் மின்சாரத்தையெல்லாம் அறுத்துப் போட்டது. விமலநாதன் டக்ஸியோடு கீழே வந்து நின்று, றெஜினா வீட்டில் விறகடுப்பு இருக்கிறதாம், கொண்டுபோய் விடுகிறேன் என்று எவ்வளவோ கேட்டும் அக்னெஸ் அசையவில்லை. மூன்று நாள் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மின்சாரம் இல்லாவிட்டாலும் ரெலிபோன் வேலை செய்யும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இடைக்கிடை தூக்கிக் காதில் வைத்துப் பார்ப்பாள். ஊதுகிற சத்தம் கேட்கும். திரும்ப வைப்பாள்.

அந்தக் கோடையில் வீட்டுச் சொந்தக்காரர் கட்டடம் முழுவதும் காப்பெற்றைக் கழற்றிப் பலகைத்தளம் போடப்போவதாக அறிவித்தல் ஒட்டினார். வேலையாட்கள் வருவதற்கு முதல்நாள் அக்னெஸ் குசினிக் கத்தியை எடுத்து, கதவடி மூலையிலிருந்து ஒரு முழச் சதுரத்தை வெட்டி எடுத்தாள். உதறாமல் மெல்லத் தூக்கிப் படுக்கையறையில் கட்டிலடியில் விரித்தாள். கல்லை அதன்மேல் வைத்தாள். வேலையாட்கள் வந்து மூலையில் இருந்த ஓட்டையைப் பார்த்து, எலியா என்று கேட்டார்கள். "ஓம்," என்றாள்.

1999 வைகாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையால் வந்தபோது கடிதப்பெட்டியில் தடித்த உறை ஒன்று கிடந்தது. தூர வடக்கிலிருக்கிற வைட்ஹோர்ஸ் நகரத்து முத்திரை. உள்ளே ஒரு சின்னக் கறுத்த பிலிம் டப்பாவும், கொப்பித் தாளில் எழுதிய கடிதமும் இருந்தன. ஐந்தாம் வகுப்போடு தமிழை விட்ட பிள்ளையின் பெரிய பெரிய எழுத்து. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியிலேயே இருந்து வாசித்தாள்.

"அம்மா, நான் சுகம். இஞ்சை ரோட்டுப் போடுற வேலை. எழுதாமல் விட்டதுக்குக் கோவிக்காதேங்கோ. எழுதத் தொடங்கி எத்தினையோ தாளைக் கிழிச்சுப் போட்டன். அண்டைக்கு மிஷேலின்ரை காரில ஒன்ராறியோ தாண்டேக்கை ஒரு சப்பாத்துக்குள்ளை என்னமோ குத்திச்சுது. கழட்டிப் பாத்தன், மண். வெளியாலை கொட்டக் கண்ணாடியை இறக்கினன். கொட்டேல்லை. அதைத்தான் டப்பாவில போட்டு வைச்சிருந்தன். பாதியை உங்களுக்கு அனுப்பிறன், பாதி என்னட்டைக் கிடக்கு. என்னட்டை ஒண்டும் நிக்காது எண்டு சொன்னனீங்கள். இது மூண்டரை வருசமா நிக்குது. ஆவணியில லீவு, வாறன். இஞ்சையும் பாம்பு இல்லையம்மா."